கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கொலை

"ஐயோ…! ஆண்டவரே…!"

ஜெசிந்தா அலறியதில், பல்லில் கடித்திருந்த ஓலைப் பறிக்கூடை தண்ணீரில் விழுந்தது. விடிந்ததிலிருந்து தடவிப் பிடித்த இறால் அத்தனையும் ஏரிக்கே திரும்பிப் போனது.

காலை ஏழு மணி. பழவேற்காடு ஏரி. இடுப்பளவு தண்ணீர். சேற்றில் இறால் தேடிய அவள் கைக்கு அகப்பட்டது…

இன்னொரு கை!

வாட்ச் கட்டிய கை. வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. கைக்குச் சொந்தக்காரனுக்குத்தான் எல்லாம் நின்று போயிருந்தது.

எட்டரை மணிக்கு ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஹேமாவதி குதித்து இறங்கினாள். வேலூர்க்காரி. மாற்றலாகி வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. பின்னால் கான்ஸ்டபிள் வேதாசலம்.

"செத்தது யாருன்னு தெரியுமா?"

"தெரியாம இன்னா மேடம்?" என்றாள் ஜெசிந்தா. "லோகேஷ் தம்பி! திட்டக் குழும ஆபீஸ் சர்வேயரு. மூணு நாளா எங்க மூணுபனைக்குப்பத்துல வீடு வீடா எண்ணிக்கினு இருந்துச்சு."

"வீட்டை எதுக்கு எண்ணணும்?"

"நாங்க இங்க இருக்கோம்னு சொல்றதுக்குத்தான்!"

ஹேமாவதி வேதாசலத்தைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"வடகரை நகர்த் திட்டக் குழுமம் புதுசா மேப்பு போடுது மேடம். எந்த நிலம் எதுக்குனு. குடியிருப்புன்னா மஞ்சள். தொழிற்சாலைன்னா கத்தரிப்பூ கலர்."

"இந்த ஊர் என்ன கலர்?"

"கத்தரிப்பூ மேடம். பக்கத்துல 'காலி நிலம்'னு வேற எழுதியிருக்கு."

ஹேமாவதி சுற்றிலும் பார்த்தாள். கரை முழுக்க ஜனம். காலி நிலத்தில் நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆட்சேபணை குடுக்க இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான் டைம் மேடம்," என்றாள் ஜெசிந்தா. "எண்பத்தேழு வீடு இருக்குனு தம்பி எழுதின பட்டியலை வச்சாத்தான் நம்புவாங்களாம். இல்லன்னா நாங்க… இல்ல!"

லோகேஷின் தோல்பை படகுத்துறையில் கிடைத்தது. பேனா இருந்தது. ஸ்கேல் இருந்தது.

பட்டியல்…?

இல்லை!

"பாவம் மேடம்," என்றபடி வெள்ளை வேட்டியில் முன்னால் வந்தார் எல்லப்பன். ஊர்த் தலைவர். "டவுன் பையன். சேத்துல கால் மாட்டி முழுகியிருப்பான். விபத்துனு எழுதி அனுப்பிச்சுடுங்க. இந்தப் பட்டியல் கிட்டியல் எல்லாம் நம்ம கையில இன்னா இருக்குது?"

"இடுப்பளவு தண்ணியிலயா முழுகினான்?"

ஹேமாவதி கரையில் கிடத்தியிருந்த உடலின் தலையைத் திருப்பிக் காட்டினாள்.

"பின்மண்டை பொளந்திருக்கு தலைவரே. சேறு அடிக்குமா?"

எல்லப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க?"

"நானா? பாட்டுல இருந்தேன் மேடம். முகத்துவாரம் பக்கம். நாலு மணிலேருந்து ஏழு மணி வரைக்கும் வலை போட்டுக்கினு இருந்தேன்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

அதன் பிறகு சத்தமே இல்லை! குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டன.

"என்ன? ஏன் எல்லாரும் இப்படி நிக்கறீங்க? பாடுன்னா என்ன?"

ஜெசிந்தா ஈரப் புடவையைப் பிழிந்தபடி சொன்னாள். "ஏரியில வலை போட முறை இருக்கு மேடம். இன்னிக்கு ஒரு ஊரு, நாளைக்கு ஒரு ஊரு. அதான் பாடு. அடுத்த ஊர் பாட்டுல நாம கோல்கூட ஊனக் கூடாது. ஊனினா படகையே பறிச்சுக்குவாங்க. என்னாட்டம் கையால தடவுறவங்களுக்கு முறை கெடையாது. வலைக்குத்தான்."

"சரி. அதுக்கென்ன?"

"நேத்து பக்கத்துக் குப்பத்துப் பாடு மேடம்!"

எல்லப்பனின் துண்டு கையிலிருந்து நழுவியது.

"எங்க ஊர்லேருந்து ஒரு வலைகூட நேத்து தண்ணியப் பாக்கல. பால்வாடிப் புள்ளைக்கே இன்னிக்கு யார் பாடுன்னு தெரியும். தலைவருக்குத் தெரியல! எப்படித் தெரியும்? இவரு ஏரியில எறங்கி ஒரு வருஷம் ஆவுது. இவரு வலையில எலி குட்டி போட்டுக் கீது!"

"ஏய், ஜெசிந்தா! வாயைப் பொத்து!"

"நீ மண்டையப் பொளந்தப்ப அந்தத் தம்பி வாயைப் பொத்தினியா தலைவரே?"

எல்லப்பன் ஓடப் பார்த்தார். எண்பத்தேழு வீடும் எதிரே நின்றது. எங்கே ஓடுவது? அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

"கம்பெனிக்காரன் ஒருத்தன் சொன்னான் மேடம்… ஊர் காலினு மேப்பு வந்துட்டா, ஃபேக்டரிக்கு ஆள் அனுப்புற காண்ட்ராக்ட் எனக்குனு… மீஞ்சூர்ல ஒரு வீடும் தர்றேன்னான். எண்பத்தேழை ஏழுனு எழுதுடானு கெஞ்சினேன். 'இருக்கறதைத்தான் எழுதுவேன்'னான் பையன். ஆத்திரத்துல படகு தள்ற கோலால… ஒரே அடிதான் மேடம்!"

"பட்டியல் எங்கய்யா?"

"அடுப்புல."

கரையில் ஒரு கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை. கொலைகாரன் கிடைத்துவிட்டான். ஊர் போய்விட்டது!

அப்போது ஜெசிந்தா வீட்டுக்குள் போனாள். பிஸ்கட் டின்னோடு திரும்பினாள். திறந்தாள். பைபிளுக்கு அடியிலிருந்து…

பட்டியல்!

"அடுப்புல போனது கிறுக்கல் மேடம். கையெழுத்து வாங்கின நல்ல காப்பி இது. எண்பத்தேழாவது வீடு எங்களுது. எங்க வீட்டுக்காரர் ஸ்டீபன் மீஞ்சூர்ல ஷிப்ட்டு, ராத்திரி வந்துதான் கையெழுத்து போட்டாரு. 'அண்ணன் வந்ததும் கையெழுத்து வாங்கி வைக்கா, காலைல வர்றேன்'னு தம்பி நேத்து குடுத்துட்டுப் போச்சு." அவள் ஏரியைத் திரும்பிப் பார்த்தாள். "காலைல… வந்துச்சு."

"முதல்லயே ஏம்மா சொல்லல?"

"கொன்னது யாருன்னு தெரியாம எப்படி மேடம் வாயைத் தொறப்பேன்?"

பிரேதப் பரிசோதனை, வாக்குமூலம், கையெழுத்து… எல்லாம் முடிந்து ஜீப் பொன்னேரியை நோக்கிச் சீறியபோது மணி நாலு. கைதியை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகும் வழியில்தான் திட்டக் குழும அலுவலகம்.

நாலு ஐம்பத்தைந்து!

ஹேமாவதி படிகளைத் தாவி ஏறினாள். பின்னால் ஜெசிந்தா. அதற்கும் பின்னால், விலங்கு மாட்டிய எல்லப்பனை இழுத்துக்கொண்டு வேதாசலம்.

அதிகாரி திருவேங்கடம் டீ குடித்துக்கொண்டிருந்தார். பட்டியலை வாங்கினார். பக்கம் புரட்டினார்.

டொக்! முத்திரை விழுந்தது.

"பெற்றுக்கொள்ளப்பட்டதும்மா. கரெக்ட் டைம்."

ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஹேமாவதியின் பார்வை சுவரில் போய் நின்றது. பெரிய வரைபடம். கண்ணாடிச் சட்டம். கையெழுத்து, கோபுர முத்திரை எல்லாம் பளபளத்தன. ஏரிக்கரை ஓரமாய்… கத்தரிப்பூ நிறம்!

"சார்… இது வரைவுதானே?"

"இறுதி மேடம். போட்டு ரெண்டு மாசம் ஆச்சு."

"என்ன சார் சொல்றீங்க! இன்னிக்கு வரைக்கும் ஆட்சேபணை கேக்கறீங்களே!"

"மக்கள்கிட்ட கேக்கணும்னு விதி சொல்லுது. கேக்கறோம். கேட்டபடி மாத்தணும்னு சொல்லலையே!"

"அப்ப லோகேஷை எதுக்கு அனுப்பினீங்க?"

"நேர்ல போய்ப் பாத்தோம்னு ஃபைல்ல ஒரு பேப்பர் வேணும் இல்லையா? நல்ல பையன். ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டான்."



வாசலில் விலங்குச் சங்கிலி குலுங்கியது. எல்லப்பன் கதவு நிலையில் தலையை முட்டிக்கொண்டு முனகினார்.

"அப்ப… அந்தப் பையனை நான் எதுக்குக் கொன்னேன்?"

ஹேமாவதியிடம் துப்பாக்கி இருந்தது. சட்டம் இருந்தது. வரைபடத்தைக் கைது செய்யத்தான் வழி இல்லை.

திருவேங்கடம் ரசீதுப் புத்தகத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"முடிவு தபால்ல வரும்மா. முகவரி சொல்லு."

ஜெசிந்தா சுவர் வரைபடத்தைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எண்பத்தேழாவது வீடு, மூணுபனைக்குப்பம்னு போடுங்க சார். போஸ்ட்மேன் கரெக்டா வந்துடுவாரு… அவருக்கு உங்க மேப்பு படிக்கத் தெரியாது!"