பானைக்குள் கோன்தா

"இன்னிக்கு எரிக்கக் கூடாது, அவ்வளவுதான்..."

"நாளைக்கு தொமோபிகி, ஆகாத நாள், தம்பி. சுடுகாட்டையே திறக்க மாட்டாங்க..."

"திறக்கலன்னா நாளன்னிக்கு எரிச்சிக்கலாம். அப்படி என்ன அவசரம், அண்ணி?"

"ஜூலை வெயிலு. இன்னும் ரெண்டு நாள் உங்க அண்ணனை நான் எங்க வச்சிருக்கட்டும்? கணவாய்த் தொட்டியிலயா?"

"கேட்டீங்களா, இன்ஸ்பெக்டர்? புருஷன் போய் முழுசா ரெண்டு நாள் ஆகல. பேச்சைக் கேட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர் மிசுதானி கேட்டார்.

பார்லி டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இந்த இருவரில் யாராவது ஒருவர் வாயை மூடினால் போதும் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

யாசுயோவுக்கு அறுபத்தெட்டு வயது. நேற்றுக் காலையிலிருந்து கண் மூடவில்லை. கறுப்புக் கிமோனோவின் இடுப்புப் பட்டை மூச்சை இறுக்கியது. அவிழ்த்துப் போட்டுவிட்டுப் படுத்தால் எழுந்திருக்கவே வேண்டாம் போலிருந்தது.

முன்னறையில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். இடது பக்கம் ஒரு மண்பானைக்குள் கோன்தா என்கிற ஆக்டோபஸ். வலது பக்கம் இரண்டு கணவாய்கள்.

நடுவில் சவப்பெட்டி.

அவள் கணவர் கியோஹாரு இருபது வருடம் அந்த இரண்டு தொட்டிகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். இப்போது அதே இடத்தில் படுத்திருந்தார். ஊதுபத்திப் புகைக்குப் பின்னால் பம்புகள் வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தன.

ஒரு மணிக்கு வண்டி வரும். இப்போது பன்னிரண்டரை.

விபத்து என்று எழுதிய தாளில் மிசுதானி முத்திரை குத்தினால் வண்டி கிளம்பும். எரிந்து முடிந்ததும், பெரிய குச்சிகளால் அவருடைய எலும்புகளைப் பொறுக்கிக் கலயத்தில் போட வேண்டும். காலிலிருந்து ஆரம்பித்துத் தலை வரைக்கும். அதை அவள்தான் செய்ய வேண்டும். வேறு யாரும் இல்லை.

முத்திரை குத்தாவிட்டால்...?

அவள் போலீஸ் ஸ்டேஷனில் இருப்பாள். எலும்பைப் பொறுக்குவது கொழுந்தன் சென்ஜியாக இருக்கும்.

"சரி," மிசுதானி கோப்பையை வைத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. கடைசித் தடவை."

"நேத்தும் கடைசித் தடவைன்னுதான் சொன்னீங்க."

"எனக்கும் அலுப்பாத்தான் இருக்கு. சொல்லுங்க."

"காலையில எட்டரைக்குச் சந்தைக்குப் போனேன். கோன்தாவுக்கு உயிர் நண்டு, கணவாய்க்கு உயிர் இறால். ஒன்பதே காலுக்குத் திரும்பி வந்தா... இவரு இங்க கிடந்தாரு. பின்மண்டை அந்த இரும்பு ஸ்டாண்டு மூலையில. தரையெல்லாம் உப்புத் தண்ணி. கோன்தா குளியலறை வாசல்ல ஈரத்துணி மாதிரி கிடந்தான். என் கத்தல் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரிதான் அவனை அள்ளித் தொட்டியில விட்டா."

"தொட்டி மூடி?"

"திறந்திருந்தது. மேல வைக்கற கல்லு கீழ இருந்தது."

அது அவளுடைய ஊறுகாய்க் கல். எட்டு கிலோ. ஆக்டோபஸ் வளர்க்கிற வீட்டில் மூடிக்கு மேல் பாரம் இல்லாவிட்டால், விடிந்ததும் அதை அலமாரிக்கு அடியில்தான் தேட வேண்டும். அந்தக் கல் தொட்டிக்கு வேலைக்குப் போனதிலிருந்து, ஐந்து மாதமாக அந்த வீட்டில் உருப்படியான ஊறுகாய் இல்லை.

"தீனி போட உங்க வீட்டுக்காரர் மூடியைத் திறந்திருக்காரு. அது வெளிய வந்திருக்கு. பிடிக்க ஓடினவரு ஈரத்துல வழுக்கி விழுந்துட்டாரு." மிசுதானி கையிலிருந்த தாளைத் தட்டினார். "டாக்டரும் இதுக்கு ஒத்துப்போறாரு. விபத்து."

"அப்போ குத்துங்க."

"குத்தாதீங்க," என்றான் சென்ஜி.

சென்ஜிக்கு அறுபத்தொன்று. நாற்பது வருடமாக ஆகாஷிக் கடலில் பானை இறக்கி ஆக்டோபஸ் பிடிக்கிறவன். கறுப்பு கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் போட்டுக்கொண்டு, வியர்வை மோவாயில் சொட்ட நின்றான்.

"அந்த கோட்டைக் கழட்டுங்க தம்பி. பாக்கற எனக்கே புழுங்குது."

"அண்ணனுக்குத் துக்கம் காக்கறேன். உங்களுக்கு அது புரியாது."

வலது தொட்டியில் ஒரு கணவாய் உடம்பெல்லாம் வரிவரியாகக் கறுத்தது. வீட்டில் குரல் உயர்ந்தால் அது அப்படித்தான். கல்யாணமான நாற்பது வருடத்தில் கியோஹாரு ஒரு தடவைகூட அப்படிக் கறுத்ததில்லை. அதுதான் அவரிடம் இருந்த பெரிய தொல்லை. சண்டைக்கே வர மாட்டார்.

மிசுதானியின் பார்வை இடது தொட்டியின் ஓரத்தில் தொங்கிய காகித மீனுக்குப் போனது. கெண்டை மீன் கொடி. கை அகலம்தான்.

"இது மே மாசம் பையன்கள் திருநாளுக்குக் கட்டறதாச்சே? உங்களுக்குப் பிள்ளைங்க...?"

"இல்ல. கோன்தாவுக்குக் கட்டினது. இவரு அவனைப் பையன் மாதிரிதான் வச்சிருந்தாரு." அவள் ஊதுபத்தியின் சாம்பலைத் தட்டினாள். "கொழுந்தனாருதான் வாங்கிட்டு வந்தாரு. 'உன் பையனுக்கு'ன்னு கிண்டலா."

"பையனுக்கு இடம் இருந்தது, தம்பிக்கு இல்ல," என்று முணுமுணுத்தான் சென்ஜி.

"என்ன அது?" என்றார் மிசுதானி.

"ஒண்ணுமில்ல சார். பழைய கதை."

யாசுயோ விடவில்லை. "துறைமுகத்தைப் பாத்த அறை இது. இங்க ஆக்டோபஸ் வறுத்துக் கொடுக்கற கடை போடணும்னு கேட்டாரு. தொட்டியை எங்க வைக்கறதுன்னு இவரு கேட்டாரு. அத்தோட முடிஞ்சது."

"அதை இப்ப ஏன் இழுக்கறீங்க, அண்ணி? நான் நேத்து காலையில எங்க இருந்தேன்னு இவருக்கே தெரியும். நாலு நாளா புயல் காத்து. ஊர்ல ஒரு படகும் கிளம்பல. கொட்டகையில தனியா வலை தைச்சுக்கிட்டிருந்தேன். ஆனா நீங்க? பக்கத்து வீட்டுக்காரிகிட்ட என்ன சொன்னீங்க? 'ஒரு நாளைக்கு இதை வினிகர்ல ஊறப்போட்டுத் தின்னுடப் போறேன்'னு சொல்லல?"

"சொன்னேன். வாரம் ஒரு தடவை சொல்லுவேன். பாயெல்லாம் உப்புத் தண்ணி, குளியலறையில உப்பு மூட்டை, ஃப்ரிட்ஜுல உயிர் நண்டு... நீங்களா இருந்தா கொஞ்சுவீங்களா?"

"பாத்தீங்களா சார்? வெறுப்பு."

மிசுதானி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சென்ஜி, வெறுப்பை வச்சு நான் கேஸ் போட்டா ஊர்ல ஒரு பொண்டாட்டியும் வெளிய இருக்க மாட்டா. உருப்படியா ஏதாவது இருந்தா சொல்லு. இல்லன்னா குத்திடறேன்."

முத்திரையை எடுத்தார்.

சிவப்பு மையில் ஒற்றினார்.

"ஆக்டோபஸ் தானா வெளிய வரல, சார்," என்றான் சென்ஜி.

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"யாரோ இழுத்து வெளிய போட்டிருக்காங்க. அண்ணனைத் தள்ளிவிட்டுட்டு, விபத்து மாதிரி காட்டறதுக்கு."

"எப்படிச் சொல்றே?"

"நாப்பது வருஷமா பானையும் கையுமா இருக்கறவன் நான். ஆக்டோபஸ் ஊர் சுத்தும், ஒத்துக்கறேன். ஆனா முட்டை மேல உக்காந்துட்டா நகராது. தீனி வச்சாலும் வராது. பட்டினி கிடந்து அங்கயே சாகும், முட்டையை விடாது. பானையை உடைச்சாக்கூட உடைஞ்ச சில்லைக் கட்டிக்கிட்டுக் கிடக்கும். இது இந்த ஊர்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும்..."

அவன் மெல்லத் திரும்பினான்.

"இவங்க கடலைப் பாத்து வளரல. தன்பா மலையிலேருந்து வந்தவங்க. ஆக்டோபஸ்னா தப்பிச்சு ஓடும், அவ்வளவுதான் தெரியும். அதான் மாட்டிக்கிட்டாங்க. இதை நான் செஞ்சிருந்தா, சார், இப்படி ஒரு தப்பைப் பண்ணுவேனா?"

பம்பு உறுமியது.

மிசுதானி முத்திரையை மூடி கீழே வைத்தார். அவர் முகத்தில் இன்னும் பத்து வயது ஏறியிருந்தது.

"அம்மா... ஸ்டேஷன் வரைக்கும் வர வேண்டியிருக்கும்."

"எலும்பு?"

"அதை இவரு பாத்துக்குவாரு."

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். நாற்பது வருடம்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. எழுந்திருப்பதற்காகத் தொட்டியின் ஓரத்தைப் பிடித்தாள். காகித மீன் கையில் உரசியது.

சிவப்பு மீன். ஆண் பிள்ளை உள்ள வீட்டில் தொங்குகிற மீன்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி..."

"என்ன?"

"எந்த முட்டை?"

"என்னது?"

"முட்டை மேல உக்காந்துட்டான்னு சொன்னீங்களே. எந்த முட்டை?"

சென்ஜி வாயைத் திறந்தான். கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"கோன்தா ஆம்பளை," என்றாள் அவள், களைத்த குரலில், காய்கறிக்காரனிடம் கணக்குக் கேட்பது போல. "நீங்கதான் மீன் கொடி வாங்கித் தந்தீங்க. ஊரே அவனைப் பையன்னுதான் கூப்பிடுது. அஞ்சு மாசமா இந்தப் பானைக்குள்ள, பானை வாயைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். உள்ள என்ன இருக்குன்னு யாரும் பாத்ததில்ல."

"அண்ணன்... அண்ணன் சொன்னாரு."

"அவருக்கே தெரியாது. நாலு நாளா பய சாப்பிடல, வயித்துக் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டிருந்தாரு. நேத்து என்னைச் சந்தைக்கு அனுப்பினதே அதுக்குத்தான். 'நல்ல நண்டா பாத்து வாங்கிட்டு வா, யாசுயோ. பய முகம் சரியில்ல'ன்னாரு. அதுதான் அவரு என்கிட்ட கடைசியாப் பேசினது."

மிசுதானி மெதுவாக எழுந்தார். முழங்கால் சொடுக்கியது.

"நான் பாக்கறேன்," என்றார்.

"உங்க கையைக் கடிச்சிடும். நகருங்க."

அவள் கல்லை இறக்கினாள். கிமோனோவின் கையை முழங்கை வரை சுருட்டினாள். தண்ணீருக்குள் கையை விட்டாள். பானைக்குள்ளிருந்து ஒரு கரம் நீண்டது. அவளுடைய மணிக்கட்டைத் தொட்டது. சற்று யோசித்தது. பிறகு லேசாகச் சுற்றிக்கொண்டது.

"தொட்டிப் பக்கமே போனதில்லைன்னு வாக்குமூலத்துல இருக்கேம்மா?"

"அவருகிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருந்தேன். அவரு தூங்கினப்புறம் நானும் ஒரு நண்டு போடுவேன். தெரிஞ்சா சந்தோஷப்பட்டிருப்பாரு. அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க வேண்டாம்னு இருந்துட்டேன்."

பானையை மெல்லத் திருப்பினாள். வாய், கண்ணாடிப் பக்கம் வந்தது.

உள்ளே, பானையின் கூரையிலிருந்து வெள்ளை வெள்ளையாகச் சரங்கள் தொங்கின. அரிசி மணிகளை நூலில் கோத்தது போல, ஆயிரக்கணக்கில். ஒரு மூலையில் மட்டும் சரங்கள் அறுந்து, பிய்த்து எடுத்ததுபோல இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தைக் கோன்தா தன் உடம்பால் மூடிக்கொண்டிருந்தான்.

கொண்டிருந்தாள்.

மிசுதானி கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிராமலே சொன்னார்.

"சென்ஜி... கோட்டைக் கழட்டு."

"சார், நான்..."

"வலது கை."

கழற்ற நேரம் பிடித்தது. சட்டைக் கையைச் சுருட்ட இன்னும் நேரம் பிடித்தது.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வட்ட வட்டமாகச் சிவப்புத் தழும்புகள். பெரியது, சிறியது, வரிசையாக. உயிரைக் கொடுத்து ஒட்டிக்கொண்ட ஒன்றைப் பிய்த்து எடுத்த கை அது.

"ஆக்டோபஸ் பிடிக்கறவன் சார் நான். எப்பவும் இருக்கும் இது."

"இருக்கும். ரெண்டு மூணு நாள்ல மங்கிப் போற தழும்பு. நாலு நாளா ஒரு படகும் கிளம்பலன்னு நீதானே சொன்னே?"

சென்ஜி உட்கார்ந்தான். நாற்காலி இல்லாத இடத்தில் உட்கார்ந்தான்.

"தள்ளணும்னு தள்ளல," என்றான் தரையைப் பார்த்து. "கடைக்கு இடம் கேட்டேன். 'பய உடம்பு சரியில்லாம இருக்கான், இப்ப தொட்டியை நகர்த்த முடியாது'ன்னாரு. உடம்பு சரியில்லாத ஆக்டோபஸ்... அதுக்காக, சொந்தத் தம்பியை... ஒரு தடவைதான் தள்ளினேன்."

"அப்புறம் இதை இழுத்து வெளிய போட்டே. கையில முட்டை ஒட்டிக்கிட்டு வந்தது. அப்பத்தான் உனக்குக் கூடுதலா புத்தி வந்தது." மிசுதானியின் குரலில் கண்டிப்பு இல்லை. அலுப்பு மட்டும்தான். "விபத்துன்னு ஆனா வீடு அண்ணிக்கு. அண்ணி கொலைகாரின்னு ஆனா வீடு உனக்கு. பேசாம இருந்திருந்தா நான் முத்திரையைக் குத்திட்டு வீட்டுக்குப் போய்க் குளிச்சிருப்பேன், சென்ஜி."

அவர் போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினார். ஒரு மணிக்கு வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சவப்பெட்டி வண்டி. அதற்குப் பின்னால், மிசுதானி போனில் அழைத்த இன்னொரு வண்டியும் வந்து நின்றது.

"அம்மா, டாக்டர் இன்னொரு தடவை பாக்க வேண்டியிருக்கும். இன்னிக்கு எரிக்க முடியாது. நாளைக்கும் முடியாது. மன்னிச்சிடுங்க."

"பரவால்ல. எலும்பு நான்தானே பொறுக்குவேன்?"

"நீங்கதான்."

"அப்போ சரி. காத்திருப்பேன். இவரு என்னைக் காக்க வச்சது கொஞ்சமா?"

அவள் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். துடைத்துக்கொள்ளவில்லை. மூடியைப் போட்டு, ஊறுகாய்க் கல்லை இரண்டு கையாலும் தூக்கி அதன் மேல் வைத்தாள். வலது தொட்டியில் கணவாயின் வரிகள் மறைந்து, மணல் நிறம் திரும்பியிருந்தது.

வாசலில் சென்ஜி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். இரண்டு காவலர்கள் பொறுமையாக நின்றார்கள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

யாசுயோ சவப்பெட்டியின் பக்கத்தில் ஒருவழியாக உட்கார்ந்து, இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டாள்.

"தொமோபிகி அன்னிக்கு எரிச்சா, செத்தவரு கூட இன்னொருத்தரையும் இழுத்துக்கிட்டுப் போவாருன்னு சொல்லுவாங்க, தம்பி... உங்க அண்ணனுக்கு எதுலயும் அவசரம் கிடையாது, உங்களை இழுக்கறதுல மட்டும் பாருங்க, ஒரு நாள் முந்திக்கிட்டாரு."