இறங்கிய கொண்டை

"இன்னும் எத்தனை நேரம் என்னை இப்படி உக்கார வச்சு வேடிக்கை பாப்பே?"

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து மாமியார் அழுதுகொண்டிருந்தாள். நான்கடி தள்ளி, ஜன்னலோர நாற்காலியில் மருமகள். இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்திருந்தாள். கோக்காமல் விட்டால் அவை தாமாகவே ஓடிப்போய் மாமியாரைத் தூக்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"பாதத்தைப் பின்னால இழுங்க அத்தை… முன்னால குனிங்க… மெத்தையில கையை ஊன்றி எழுந்திரிங்க. நேத்து எழுந்தீங்களே!"

"நேத்து நேத்துதான். இன்னிக்கு முடியல. உனக்குக் கல்லு மனசு!"

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணி!"

குரல் வாசலிலிருந்து வந்தது. நாத்தனார் நின்றிருந்தாள், கையில் ஒரு காலிப் பெட்டியோடு.

"அம்மா போன்ல அழுதப்போகூட நான் நம்பல. இப்ப கண்ணாலயே பாத்துட்டேன். பெத்தவ எழுந்திருக்க முடியாமத் தவிக்கிறா, நீங்க சினிமா பாக்கிற மாதிரி உக்காந்திருக்கீங்க!"

ஓடிப்போய்த் தாயின் அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தினாள். மாமியார் மகளின் தோளில் முகம் புதைத்து விம்மினாள். மருமகள் எழுந்து, மூலையில் இருந்த வாக்கரை எடுத்து வந்து மாமியாரின் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள்.

என்ன பேசுவது? குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்து மாமியார் வீட்டுக்கு வந்து மூன்று மாதம். முதல் இரண்டு மாதமும், 'அவங்களையே எழுந்திருக்க விடுங்க' என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியதை மருமகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தை முகம் சுளித்தாலே மனசு பொறுக்காது. தூக்கினாள். ஒரு நாளைக்குப் பத்து தடவை, பன்னிரண்டு தடவை. அன்பு என்று நினைத்துத்தான் செய்தாள். மாமியாரின் கால் நாளுக்கு நாள் துவண்டுபோனது.

பிறகுதான் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அம்மாவை ஏற்பாடு செய்தார்கள். வந்த அன்றே, மாமியாரின் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு, மருமகளைச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போய் மெல்லச் சொன்னாள். "நீங்க நல்ல மனசோடதான் தூக்கறீங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் அவங்க கால் செய்ய வேண்டிய வேலையை உங்க கை செஞ்சிடுது. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா, அப்புறம் அவங்க நிரந்தரமாப் படுக்கைதான்."

அன்றிலிருந்து மருமகள் நாற்காலியை எட்டப் போட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அவளோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கணவன்கூட, "கொஞ்சம் பிடிச்சு விட்டாத்தான் என்ன? தேய்ஞ்சா போயிடுவே?" என்று செருப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். நிறைந்த வீட்டில், யாரும் இல்லாதவள் போல அவள் அடுப்படியில் நின்றாள். எதிரே சுவரில், பென்சிலால் போட்ட சின்னச் சின்னக் கோடுகள். அவற்றை ஏனென்று கேட்கவும் ஆளில்லை. அவளும் சொல்லவில்லை. கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

"அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் நாத்தனார், பெட்டியைத் திறந்தபடி. "ஒரு நர்ஸம்மா வச்சுப் படுக்கையிலயே எல்லாம் பாத்துக்கறேன். நிம்மதியா இருக்கட்டும்."

மருமகள் பெட்டியின் மூடியைப் பிடித்தாள். "வேண்டாம்மா… படுக்க மட்டும் வச்சுடாதீங்க. இன்னும் ஒரே ஒரு மாசம் குடுங்க. அதுக்கப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க…"

"சொல்றதுக்கு என்ன இருக்கு?"

அந்த நேரத்தில்தான் பிசியோதெரபிஸ்ட் அம்மா வந்து சேர்ந்தாள். அன்று மாதச் சோதனை நாள். பெட்டியைப் பார்த்தாள், மூன்று முகங்களையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போன மாதம் தரையில் ஒட்டிவைத்த நாடா வரை மூன்று மீட்டரை அளந்து சரிபார்த்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"கிளம்பறதுக்கு முன்னால ஒரு தடவை நடந்து காட்டுங்கம்மா. நீங்களா எழுந்து, நாடா வரைக்கும் போயிட்டு வந்து உக்காரணும்."

மறுபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டிருந்த மாமியார் மகளைப் பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு. பாதத்தைப் பின்னால் இழுத்து, குனிந்து, கையை ஊன்றி… எழுந்துவிட்டாள்! வாக்கரைத் தள்ளிப் போய், திரும்பி, உட்கார்ந்தாள்.

"முப்பத்தி ஒண்ணு. போன மாசம் ஐம்பத்தெட்டு வினாடி" என்று தாளில் குறித்தாள் பிசியோதெரபிஸ்ட். "இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. எழுந்து நின்னு, வாக்கரை விட்டுட்டு ஒரு நிமிஷம் நிக்கணும்."

"அது மட்டும் ஆகாது தாயி! விழுந்துடுவேன்." மாமியார் எழுந்து நின்றாள். ஆனால் வாக்கரைப் பிடித்த விரல்கள் வெளுத்தன.

"போதும் விடுங்க டாக்டரம்மா" என்றாள் நாத்தனார், குரல் தணிந்தாலும் பிடிவாதம் தணியாமல். "நடக்கிறாங்க, சரி. ஆனா அன்பில்லாத இடத்துல எங்கம்மா இருக்க வேண்டாம். அண்ணி, அலமாரி மேல இருக்கற அந்தப் போர்வையையாவது எடுத்துக் குடுங்க. அதுக்கும் கை வராதா?"

மருமகள் இடது கையை நீட்டினாள். வலது முழங்கை விலாவோடு ஒட்டியே இருந்தது. போர்வை நழுவி அவள் தலைமேல் விழுந்தது.

பிசியோதெரபிஸ்ட் எழுந்தாள். "வலது கையைத் தூக்குங்க."

"ஒண்ணுமில்லைங்க…"

"தூக்குங்கம்மா."

கை பக்கவாட்டில் தோள் உயரம்கூட வரவில்லை. பாதியிலேயே நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு மாசமா… அத்தையைத் தூக்கித் தூக்கி…" மேலே சொல்ல வரவில்லை. "நீங்க ஒருநாள் தோள்வலிக்காரங்க யாருக்கோ போன்ல சொல்லிட்டிருந்தீங்க, சுவத்துல விரலை ஏத்தி ஏத்திக் கோடு போடணும்னு. அதைக் கேட்டு நானே செய்யறேன். அத்தை கிட்ட சொல்லாதீங்க. அவங்களாலதான்னு நெனச்சு வருத்தப்படுவாங்க!"

நாத்தனாரின் கையிலிருந்த புடவை பெட்டிக்குள் போகாமல் அப்படியே நின்றது. "அண்ணி… இதை ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை…"

"அவ சொல்ல மாட்டா" என்றாள் மாமியார். வாக்கரைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். கன்னத்தில் நீர் இறங்கியது. "எனக்குத் தெரியும்டி. எப்பவும் உச்சியில அள்ளிக் கொண்டை போடுவா. ரெண்டு மாசமா அந்தக் கொண்டை பிடரிக்கு இறங்கி, இப்பக் கழுத்துல வந்து நிக்குது. பாத்துட்டேதான் இருந்தேன்." மருமகள் பக்கம் திரும்பினாள். "கேக்கல. கேட்டா, அப்புறம் நீ என்னைத் தூக்க மாட்டியேன்னு பயம்! நீ தூக்கறதை நிறுத்தினதும் போன்ல அழுதேன் பாரு… நான்தான் பாவி!"

"அத்தை, அப்படிச் சொல்லாதீங்க…" மருமகள் ஓடிவந்தாள். ஒரு மாதமாகப் பூட்டி வைத்திருந்த அழுகை உடைந்துபோயிற்று. மாமியாரின் முன்னால் தலை குனிந்து நின்று விம்மினாள். போர்வை விழுந்ததில் கொண்டை அவிழ்ந்து, முடி முதுகெல்லாம் பரந்து கிடந்தது.

"திரும்புடி" என்றாள் மாமியார்.

திரும்பினாள்.

தலைமேல் ஒரு கை வந்தது. பிறகு இன்னொரு கை. முடியை நெற்றியிலிருந்து வாரி, உச்சிக்கு ஏற்றி, நிதானமாகச் சுற்றத் தொடங்கின இரண்டு கைகளும்.

இரண்டு கைகளும்!

நாத்தனார் பதறித் தாயைப் பிடிக்கப் பாய்ந்தாள். பிசியோதெரபிஸ்ட் தலையை மட்டும் அசைத்தாள். தாயின் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கைகளை ஏந்தியபடி, தொடாமல், நாத்தனார் நின்றுவிட்டாள். தூக்காமல் நிற்பது எத்தனை பெரிய பாடு என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"மன்னிச்சிடுங்க அண்ணி…" என்றாள், கண்ணைத் தாயின் இடுப்பைவிட்டு எடுக்காமலே.

"ஆடாதடி, அவிழ்ந்துடும்" என்று மருமகளை அதட்டினாள் மாமியார். "கோணலா வருதோ?"

"நேரா இருக்கு அத்தை" என்றாள் மருமகள். கோணலாகத்தான் இருந்தது. ஆனால் உச்சியில் இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் தாண்டிவிட்டிருந்தது. அவள் சொல்லவில்லை.