இருபது நிமிட ரத்தம்

அறுவடை மாதத்தில் எங்கள் மருந்தகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பாம்பு கடித்த காலைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். ஐராவதிக் கழிமுகத்தில், ஊர் எல்லைக்கு வெளியே, ஓடைக்கு இக்கரையில் இருக்கிறது அது. மருந்து கொடுக்கும் ஞான் துன் என்பவரை ஊரே 'சயா' என்று மரியாதையாகக் கூப்பிடும். நான் அவருக்குக் கீழே செவிலி.

அன்று மா த்வே யின் என்ற பெண்ணை வயல் சேற்றில் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. புருஷன் கோ சிட் முதுகில் சுமந்து வந்தான். சயா அவள் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, வழக்கம்போல் இருபது நிமிடம் அசையாமல் வைத்தார். பிறகு சாய்த்தார்.

உறையாமல் தண்ணீராக ஓடியது. விஷம் ஏறிவிட்டது.

அலமாரியில் விஷமுறி மருந்து ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அதை ஊர்த்தலைவர் வீட்டுக்கென்று சயா பொத்திவைத்திருந்தார், பாவி.

"உறைஞ்சிடுச்சுப்பா, பயமில்ல," என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றும் என்னை மன்னிக்க முடியவில்லை.

வெளியே ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. எல்லாம் உள்ளேயே கசிந்தது. தலை பிளக்கிறது என்றாள். வயிறு பலகையாக இறுகியது. மூன்றாம் நாள் எங்கள் கட்டிலிலேயே போய்விட்டாள்.

ஊர் எல்லைக்கு வெளியே செத்தவர் உடம்பை ஊருக்குள் கொண்டுபோவது எங்கள் வழக்கமில்லை. மருந்தகத்துக்குப் பின்னாலேயே புதைத்தார்கள்.

"ஊருக்குள்ள விடலன்னா அவ எங்கதான் போவா, அக்கா?" என்று கேட்டான் கோ சிட்.

அவள் செத்த ஏழாம் நாள், நண்பகல். சயாவுக்குத் தலைவலி. கையெல்லாம் கருநீலத் திட்டு. உடம்பில் எங்கும் கடிவாயே இல்லை.

"என் ரத்தத்த எடுத்துப் பாரும்மா."

இருபது நிமிடம் காத்திருந்தோம். பூட்டிய அறைக்குள் வயல் சேற்றின் வாடை அடித்தது.

சாய்த்தேன். ஓடியது.

உண்மையைச் சொல்லத்தான் திரும்பினேன், சத்தியமாக.

காதருகே ஈர மூச்சு, ஒரு பெண்குரல்.

"உறைஞ்சிடுச்சுன்னு சொல்லு."

என் வாய் சொன்னது.

சயா என்னையே பார்த்தார். அன்று தான் சொன்ன அதே பொய் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. விஷமுறி மருந்தை எடுக்க அலமாரிப் பக்கம் எழப் பார்த்தார், கால் வரவில்லை. என் கையும் அசையவில்லை. சாயங்காலம் அவரை அவள் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

மறுநாள் காலை, வேலையை உதறிவிட்டுப் படகேறினேன். ஏறியது நான் ஒருத்திதான்.

ஓடக்காரர் துடுப்பை நிறுத்தினார்.

"அக்கா, உங்ககூட வந்த பொண்ண நடுவுல நகந்து உக்காரச் சொல்லுங்க. படகு சாயுது."