கல்ஃபானின் கறுப்பு எண்ணெய்

செப்டம்பர் 8. காலை 6.12.

டமார் என்று ஒரு சத்தம். பந்தயத்தடத்தின் வேலியில் உட்கார்ந்திருந்த மைனாக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின.

அரபுப் பாலைவன ஊரான ஃபலஜ் அல் முஅல்லாவில் ஒட்டகங்களுக்குப் பயிற்சி ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒட்டகத்தின் முதுகில் ரோபோ சவாரிக்காரன். அதைக் கையிலிருந்த ரேடியோவால் ஆட்டிவைத்தபடி, தடத்தை ஒட்டி ஜீப்பில் வந்துகொண்டிருந்தார் ஒட்டகத்தின் சொந்தக்காரர் கல்ஃபான். ஓட்டியவன் பகீத், அவரிடம் பத்து வருடமாக இருக்கும் சூடானிய ஒட்டகப் பயிற்சியாளன். சத்தத்துக்குப் பிறகு வெள்ளை ஜீப் இருபது அடி உருண்டது. நின்றது. அதோடு சரி.

ஒட்டகம் நிற்கவில்லை. ரேடியோ எட்டாத தூரத்துக்குப் போய், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எல்லைக்கோட்டைத் தொட்டது. வழக்கத்தைவிட எட்டு விநாடி முன்னதாக! இதற்குச் சந்தோஷப்படுவதா, ஜீப்புக்காக வருத்தப்படுவதா என்று கல்ஃபானுக்குப் புரியவில்லை. கடைசியில் கோபப்படுவது என்று முடிவு செய்தார்.

ஒன்பது மணிக்கெல்லாம் இன்ஜினிலிருந்து வடித்த எண்ணெய் ஒரு தகர டப்பாவில், மெக்கானிக் உஸ்தாத் ஜர்வலி கானின் பட்டறை வாசலில் இருந்தது. எண்ணெய் என்று சொன்னால் எண்ணெய் கோபித்துக்கொள்ளும். குச்சியை விட்டால் குச்சி நின்றது.

புது எண்ணெய் என்று சொல்லிப் பழையதை ஊற்றிவிட்டார் என்று பத்து மணிக்குக் கல்ஃபானின் புகார் பதிவானது. பதினொன்றுக்குப் பட்டறைக் கதவில் தற்காலிக முத்திரை விழுந்தது.

செப்டம்பர் 9. காலை 8.40.

நுகர்வோர் புகார் விசாரணை அதிகாரி ஷம்மா பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினாள். முப்பத்தொரு வயது. வண்டிகள் பற்றிய புகார் எதுவானாலும் மேலதிகாரி அவள் மேஜையில்தான் போடுவார். மற்றவர்கள் பானட்டைத் திறந்து பார்ப்பார்கள். ஷம்மா முதலில் வண்டி நின்ற இடத்தைப் பார்ப்பாள்.

மாலை நாலு மணிக்குள் அறிக்கை போயாக வேண்டும். புகார் உண்மை என்று அவள் எழுதினால் பட்டறை உரிமம் ரத்து. உரிமத்தோடு ஜர்வலியின் விசாவும் போகும். பன்னு மாவட்டத்திலிருந்து வந்து பத்தொன்பது வருடம் நடத்திய பட்டறை அது.

ஜர்வலி மூடிய கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். நாற்காலியை அவளுக்குத் துடைத்துப் போட்டார்.

"ஆயில் எப்ப மாத்தினீங்க?"

"ஜூன் பன்னெண்டு, மேடம். வண்டிக் கதவுத்தூண்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். அடுத்த தடவ அஞ்சாயிரம் கிலோமீட்டர், இல்லன்னா மூணு மாசம். எது முந்துதோ அது."

"வெளியூர்ல பத்தாயிரம்னு சொல்றாங்களே?"

"அவங்க ஊர்ல மழை பெய்யுது மேடம். இங்க வெயிலும் மணலும்தானே பெய்யுது."

புது டப்பாவை உடைத்து ஊற்றியதைப் பார்த்தவர் உண்டா என்று கேட்டாள். வண்டியைக் கொண்டுவந்தவன் பகீத் என்றும், அவன் எதிர்க்கடையில் டீ குடிக்கப் போய்விட்டான் என்றும் ஜர்வலி சொன்னார். சாட்சி இல்லை. பட்டறையின் பின்பக்கம் கழித்த எண்ணெய் நிரம்பிய பீப்பாய் ஒன்று இருந்தது. எல்லாப் பட்டறையிலும் இருப்பதுதான். ஆனால் இன்றைக்கு அது பார்க்க நன்றாயில்லை.

"பயமா இருக்கா உஸ்தாத்?"

"எண்ணெயப் பத்தி பயம் இல்ல மேடம். கல்ஃபான் அர்பாப் பொய் சொல்ற ஆளும் இல்ல. அதான் பயமா இருக்கு."

காலை 10.05.

கல்ஃபானின் ஒட்டகப் பட்டி ஊருக்கு வெளியே இருந்தது. அவர் கஹ்வா காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுத்து உபசரித்துவிட்டுத்தான் குற்றச்சாட்டை ஆரம்பித்தார். ஐம்பது வயது, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

அவருடைய வாதம் சுருக்கமானது, ஓட்டை இல்லாததும்கூட. எண்ணெய் மாற்றியபோது வண்டி ஓடியிருந்தது எண்பத்து நாலாயிரத்து இருநூறு கிலோமீட்டர். இப்போது எண்பத்தையாயிரத்து ஐம்பது. ஆக மூன்று மாதத்தில் வெறும் எண்ணூற்று ஐம்பது. புது எண்ணெய் எண்ணூற்று ஐம்பது கிலோமீட்டரில் தாராகுமா? ஆகாது. அப்படியென்றால் ஊற்றியது புது எண்ணெய் இல்லை.

ஷம்மா அளவுமானியைப் பார்த்தாள். கணக்கு சரி. அதில் யாரும் கைவைத்த அடையாளமும் இல்லை.

"வண்டிய எதுக்கெல்லாம் எடுப்பீங்க அபூ மத்தர்?" ஊர் வழக்கப்படி மத்தரின் அப்பா என்று அவரை அழைத்தாள்.

"காலையில தடத்துக்கு ஒரு மணி நேரம். அவ்வளவுதான். அப்புறம் இந்த வன்னி மரத்தடியில நிக்கும்."

"வேற யாராவது எடுப்பாங்களா?"

"என்னையும் பகீத்தையும் தவிர யார் கைக்கும் சாவி போகாது, தங்கச்சி."

பழுதான ஜீப்பை இழுத்து வந்து வெயிலில் விட்டிருந்தார்கள். வன்னி மரத்தடி காலியாக இருந்தது. ஷம்மா அங்கே போய்க் குந்தினாள். ஜீப் வழக்கமாக நிற்குமிடத்தில் இரண்டு சக்கரத் தடங்கள் அழுத்தமாக இருந்தன. அவற்றுக்கு நடுவே, முன்பக்கம் சற்றே வலது ஓரமாக, ஒரு சாண் அகலத்துக்குப் புல் முளைத்திருந்தது. பச்சைப் புல். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வேறு பச்சை எதுவும் இல்லை.

வேலியோரம் நாலு கேன்கள் கிடந்தன. ஒட்டகத்துக்குத் தண்ணீர் கொண்டுவருபவையோ என்று ஒன்றின் மூடியைத் திறந்து மோந்தாள். பெட்ரோல் வாடை மூக்கைக் குத்தியது.

அப்புறம் ஜீப்பின் உள்ளே பார்த்தாள். சுத்தமாகக் கழுவியிருந்தார்கள். பின்னிருக்கைக்குக் கீழே விரிப்பில், சுண்டுவிரல் நுழையும்படி வட்டமாக ஒரு துளை. கதவின் உட்புறத்தில், கழுவிய கை எட்டாத மூலையில், சுண்ணாம்பு தெறித்ததுபோல் ஒரு வெள்ளைக் கீற்று.

ஷம்மா சிரித்தாள். உடனே சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

காலை 10.50.

பகீத் தலையில் தீவனப்புல் கட்டோடு வந்தான்.

"எண்ணெய் அளவுக்குச்சிய யார் பாப்பாங்க?"

"நான்தான் மேடம். வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு முன்னாடி. பழக்கம்."

"ஜூன்ல எப்படி இருந்துச்சு?"

"தேன் மாதிரி."

"ஆகஸ்ட்ல?"

அவன் புல் கட்டை இறக்கி வைத்தான். அதற்குத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டான்.

"ஆகஸ்ட்ல பாக்கல. எப்பப் பாத்தாலும் இன்ஜின் கொதிச்சுக்கிட்டு இருக்கும். கை வைக்க முடியல. விட்டுட்டேன்."

"காலையில ஒரு மணி நேரம் ஓடின வண்டி, மத்தியானம் வரைக்குமா கொதிக்கும்?"

"வெயில் மேடம்."

"நிழல்லதானே நிக்குது?"

"நிழலும் சூடு மேடம்."

பேச்சுக்கு நடுவே பகீத்தின் அறைக்குப் பின்னாலிருந்து ஜெனரேட்டர் தடதடத்துக்கொண்டே இருந்தது. இந்தப் பட்டியில் அது இரவில் மட்டும்தான் ஓடும் என்று கல்ஃபானே சற்று முன் சொல்லியிருந்தார். பகலில் எதற்கு என்று ஷம்மா கேட்டாள். தனக்குக் காய்ச்சல் என்றும், குளிர்காற்றில் படுக்க வேண்டும் என்றும் பகீத் சொன்னான். காய்ச்சல்காரன் முப்பது கிலோ புல்லைத் தலையில் வைத்துக்கொண்டு நாற்பத்து மூன்று டிகிரியில் நடக்கிறானே என்று அவள் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஜர்வலிக்குப் போன் செய்து பட்டிக்கு வரச்சொன்னாள்.

பகல் 1.20.

லுஹர் தொழுகை முடிந்திருந்தது. ஒட்டகக் கொட்டிலின் நிழலில் நாலு பேர். கல்ஃபான் ஜர்வலியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். ஜர்வலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகீத் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்ஜினக் கொன்னது யாருன்னு தெரிஞ்சு போச்சு" என்றாள் ஷம்மா.

"கான்தானே?"

"இல்ல அபூ மத்தர். நீங்க."

கல்ஃபானின் கையிலிருந்த கஹ்வாக் கிண்ணம் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

ஷம்மா நிதானமாக விளக்கினாள். உஸ்தாத் பழைய எண்ணெயை ஊற்றியிருந்தால், ஜூன் மாதமே குச்சியில் கறுப்பு தெரிந்திருக்கும். ஆனால் பகீத் கண்டது தேன் நிறம். ஆகவே எண்ணெய் புதிதாகத்தான் உள்ளே போனது. கெட்டது அதற்குப் பிறகு. எப்படிக் கெட்டது? வன்னி மரத்தடிப் புல்லுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? யாரும் இல்லை. வண்டியில் ஏசி ஓடும்போது அடியில் தண்ணீர் சொட்டும். ஒருநாள் சொட்டினால் மணல் குடித்துவிடும். வாரக்கணக்கில், மணிக்கணக்கில் ஒரே இடத்தில் சொட்டினால்தான் புல் முளைக்கும். எண்ணூற்று ஐம்பது கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு நாலு கேன் பெட்ரோல் எதற்கு? வெள்ளிக்கிழமை மதியம்கூட இன்ஜின் கொதித்தது ஏன்?

"வண்டி நின்னுச்சுன்னு நீங்களும் பகீத்தும் சொன்னது உண்மை. இன்ஜினை அணைச்சு வச்சிருந்தீங்கன்னு ரெண்டு பேருமே சொல்லல. ஜூலையிலேருந்து தினமும் ஏழு எட்டு மணி நேரம் நின்ன இடத்துலயே ஓடியிருக்கு. கிலோமீட்டர் முள்ளுக்கு அது தெரியாது. எண்ணெய்க்குத் தெரியும்."

கல்ஃபானுக்கு உண்மையாகவே ஆச்சரியம்.

"நிக்கிற வண்டிக்கு என்ன தேய்மானம்? உக்காந்திருக்கிற ஒட்டகம் இளைக்குமா?"

"உக்காந்த ஒட்டகமும் அசைபோடுதே, அபூ மத்தர்."

ஜர்வலி முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார். நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சாலையில் நாற்பது கிலோமீட்டர் போனதற்குச் சமம் என்று பட்டறைக்காரர்கள் கணக்கு வைத்திருப்பதைச் சொன்னார். இந்த வெயிலில், எதிர்க்காற்றும் இல்லாமல் ஓடினால் அதற்கும் மேலே. அறுபது நாள், நாளுக்கு ஏழு மணி நேரம். விரல் விட்டுக் கூட்டினார். பதினாறாயிரத்தைத் தாண்டியது. அஞ்சாயிரத்தில் மாற்ற வேண்டிய எண்ணெய்!

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மூணு தடவ மாத்திக் குடுத்திருப்பேனே அர்பாப்" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

கல்ஃபான் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஏசி போட்டுக்கொண்டு வண்டியில் தூங்கும் பழக்கம் தமக்கு உண்டு என்று ஆரம்பித்தார்.

"நீங்க தூங்கல" என்றாள் ஷம்மா. "நீங்க தூங்கினா விரிப்புல முளைக்கோல் துளை விழாது. கதவுல வெள்ளையாத் தெறிக்கவும் தெறிக்காது. வண்டி செத்ததுனால, நேத்துலேருந்து பகல்லயும் ஜெனரேட்டர் ஓடுது. பகீத்தோட காய்ச்சலப் பாக்கலாமா?"

அறைக் கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. கட்டிலின் தலைமாட்டில், அடியில் கூர்முனையும் மேலே மெத்தையும் வைத்த முளைக்கோலின் மேல், தோல் முகமூடி போட்டுக்கொண்டு ஒரு வல்லூறுக் குஞ்சு உட்கார்ந்திருந்தது. கீழே தரையில் அதே வெள்ளைக் கீற்றுகள், பறவையின் எச்சம். வளர்ப்புப் பண்ணையில் பிறந்தது, இந்த வெயில் தாங்காது. மார்பில் இறகுகள் இப்போதுதான் நிரம்பிக்கொண்டிருந்தன. ஷம்மாவுக்கே ஒரு நிமிடம் வந்த வேலை மறந்துபோனது.

அப்புறம் எல்லாம் தானாக வெளியே வந்தது. போன வருடத்து வல்லூறு கயிற்றை அறுத்துக்கொண்டு, கல்ஃபானின் மனைவி உம்மு மத்தர் ஆசையாக வளர்த்த ஏழு கோழிகளையும் ஒரே காலையில் முடித்துவிட்டது. அவளுடைய அண்ணன்மார் முன்னிலையில், இனி இந்த வீட்டுக்குள் வேட்டைப்பறவை வராது என்று கல்ஃபான் சத்தியம் செய்திருந்தார்.

"சத்தியத்த மீறலையே. வீட்டுக்குள்ளதானே வரக்கூடாது? ராத்திரி பகீத் ரூம்ல, பகல்ல வண்டியில. வீட்டு வாசப்படிகூட அது பாத்ததில்ல."

ஷம்மா கைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள்.

"புகார வாபஸ் வாங்கலாம். ஆனா காரணம் எழுதணும். இன்ஜின் ஏன் நின்ன இடத்துல ஓடுச்சுன்னு ரெண்டு வரி. முடிவோட நகல் புகார்க்காரர் வீட்டு விலாசத்துக்குத் தபால்ல வரும்."

"வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான்."

"எழுதலன்னா?"

"நான் என் அறிக்கைய எழுதுவேன். மேல வாதாடலாம், சாட்சிகளக் கூப்பிடலாம். ரெண்டு மாசம் இழுக்கும். அதுவரைக்கும் உஸ்தாத் கடைக் கதவு திறக்காது."

கல்ஃபான் பறவையைப் பார்த்தார். ஜர்வலியைப் பார்த்தார். இரண்டு மாதம் கடை மூடினால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தொன்பது வருடத்தில் அவருடைய எத்தனை வண்டிகள் அந்த மனிதரின் கைக்குள் படுத்து எழுந்திருக்கின்றன! பேனாவைக் கேட்டு வாங்கினார். இரண்டு வரிதான். எழுதப் பத்து நிமிடம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய், தங்கள் வழக்கப்படி ஜர்வலியின் மூக்கோடு தன் மூக்கை உரசி மன்னிப்புக் கேட்டார். புது இன்ஜின் மாற்றும் வேலையும் அவருக்கே என்றார்.

"முத்திரைய இப்பவே எடுக்கச் சொல்லிடறேன்" என்றாள் ஷம்மா. மணி இரண்டுகூட ஆகவில்லை.

கல்ஃபான் கைபேசியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். தபால் வந்து அவள் தெரிந்துகொள்வதைவிடத் தானே சொல்வது மேல் என்று முனகினார். பகீத் சத்தமில்லாமல் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

மனைவியின் எண்ணை அழுத்தினார். அவசரத்தில் ஒலிபெருக்கிப் பொத்தானும் சேர்ந்து அழுந்திவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தார். பறவை, பண்ணை, வண்டி, எண்ணெய், சத்தியம் எல்லாம். மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"தெரியும்" என்றாள் உம்மு மத்தர். "ஜூலையிலேருந்து அதுக்குக் காடை அறுத்து, தினமும் பகீத் கையில குடுத்தனுப்பறது நான்தானே."