பிடித்து வைத்த மூச்சு

இருட்டறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூச்சு இரண்டுதான் கேட்டது. ஒன்று டாக்டருடையது, புகையிலை வாடையோடு கரகரவென்று. மற்றது நர்ஸ் விக்டோரியாவுடையது.

சுதந்திரத்துக்கு முன்பே சீமையிலிருந்து மைசூருக்கு வந்த அந்த எக்ஸ்ரே இயந்திரம் முனகிக்கொண்டிருக்க, கறுப்புத் திரைத்துணியின் புழுங்கிய வாடையும் சூடேறிய வயரின் நெடியும் தொண்டையில் இறங்க, கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால் நின்ற தங்கை மோலியின் இதயம் ரத்தம் நிறைய நிறைய விரிவதையும், வடிய வடியச் சுருங்குவதையும் பச்சை வெளிச்சத்தில் நிழலாகப் பார்த்தபடி விக்டோரியா நின்றாள். எத்தனையோ பேருடையதைப் பார்த்தவள்தான். இது அவள் தூக்கி வளர்த்தவளுடையது. சின்ன வயதில் மோலிக்கு, இதயத்தையும் கெடுக்கக்கூடிய மூட்டுக்காய்ச்சல் வந்ததை மாப்பிள்ளை வீட்டார் எப்படியோ தெரிந்துகொண்டார்கள். டாக்டர் சரியென்றால்தான் சாயங்காலம் மாதா கோயிலில் இருவர் சம்மதமும் கேட்டுக் கல்யாண ஓலை எழுதுவார்கள். இல்லையென்றால் சம்பந்தமே இல்லை.

மூச்சை இழு, பிடி, விடு என்று சொல்வது விக்டோரியாவின் வேலை. பிடிக்கச் சொன்னது நினைவிருந்தது. விடச் சொன்னது நினைவில்லை.

இதயத்தில் ஒரு குறையும் இல்லை, தாராளமாகக் கல்யாணம் பண்ணலாம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, டாக்டர் இயந்திரத்தை நிறுத்தி வெளியே போனார்.

விக்டோரியா விளக்கைப் போட்டாள். மோலி நிறுத்திய இடத்திலேயே நின்றாள், தோள்கள் உயர்ந்து, வாய் இறுக மூடி. சிறுமியாக இருந்தபோதும் இப்படித்தான், அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. உதடு நாவல்பழம் தின்றதுபோல இருந்தது. கண்கள் அக்காவின் வாயையே பார்த்தன.

விக்டோரியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இல்லை. மறு கை. இல்லை. கழுத்து. சில்லிட்டிருந்தது.

விடு என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் பயம் வந்தது. இவளை நிற்க வைத்திருப்பது அந்த ஒரு மூச்சுதான். அதுவும் போய்விட்டால்?

"வா மோலி, வீட்டுக்குப் போலாம்."

மோலி வந்தாள்.

தேவராஜ மார்க்கெட்டில் பூக்காரி லிங்கம்மா, கல்யாணப் பெண் வாயே திறக்கமாட்டாளா என்று கேலி செய்தாள். வெட்கம் என்றாள் விக்டோரியா. அதைச் சொன்ன குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. அழுகைகூட வரவில்லை. பூவை வாங்கித் தங்கையின் தலையில் வைத்தாள்.

சாயங்காலம் சாமியார் இருவரையும் முன்னால் நிறுத்தினார். மாப்பிள்ளை சகாயநாதன் சம்மதம் என்றான்.

"நீ சொல்லும்மா. உனக்கு முழுச் சம்மதந்தானா?"

மோலி அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் அக்காவைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"வாயத் திறந்து சொன்னாத்தான் எழுத முடியும். விக்டோரியா, நீங்க சொல்லுங்க அவகிட்ட," என்றார் சாமியார்.

எல்லோரும் விக்டோரியாவின் பக்கம் திரும்பினார்கள். பேச வேண்டுமானால் மூச்சை விட்டாக வேண்டும்.

மெழுகுவத்தி வாடை. மோலியின் நெஞ்சு ஏறியபடியே இருந்தது.

மூடிய உதட்டில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. மோலி அதை ஓட்டவில்லை. அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.