ஷூவைக் காயவைத்தது யார்?

குடிபோகப் போகிற ஊரைப் பற்றியே பாடப்புத்தகத்தில் ஒரு பாடம் வந்து, அதில் அந்த ஊரைக் கழுவிக் கழுவி ஊற்றியிருந்தால் யாருக்குத்தான் அங்கே போகப் பிடிக்கும்? சுருட்டைக்குப் பிடிக்கவில்லை.

சுருட்டையின் அம்மா நர்ஸ். அவரை அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை கிளம்ப வேண்டும்.

பாடத்தை எழுதியவர் ஒரே ஒரு இரவு அங்கே தங்கிய பயணி. டீச்சர் வாசித்தார்:

"தெருவில் யாரும் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விடுதியில் சாப்பாடு வைத்தவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. நனைந்த ஷூவை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்தேன். விடிய விடிய மழை. காலையில் காய்ந்த ஷூவை மாட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். இப்படி ஒரு சோகமான ஊரை நான் கண்டதில்லை."

"இது எப்படிப்பட்ட ஊர்?" என்று கேட்டார் டீச்சர்.

"சோகமான ஊர், டீச்சர்!" வகுப்பே கோரஸ் பாடியது.

சுருட்டை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்தவள் நோண்டி. எது கிடைத்தாலும் நோண்டிப் பார்ப்பதால் வந்த பெயர். அவள் கை வைத்த வீட்டுக் கடிகாரம் இன்றுவரை ஓடவில்லை.

"நான் அம்மாகூட பேசறதே இல்ல. அவங்க அழறாங்க. அழட்டும்" என்றாள் சுருட்டை, இடைவேளையில்.

"நல்ல ஊராத்தான் இருக்கும்டி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

நோண்டிக்குத் தெரியாதுதான். பொய் சொல்லித் தேற்ற அவளுக்கு மனசு வரவில்லை. புத்தகத்தை எடுத்து, வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஏய், இவர் ஷூவை எங்க போட்டார்?"

"வாசல்ல."

"ராத்திரி?"

"விடிய விடிய மழை."

"அப்புறம் எப்படிக் காஞ்சுது?"

சுருட்டை புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள்.

"யாரோ எடுத்துட்டுப் போய் அடுப்புகிட்ட வச்சிருக்கணும்" என்றாள்.

"இந்த மனுஷன் அதைக் கண்டுக்கவே இல்ல பாரு. யாரும் பேசலன்னு புலம்பிட்டு ரயில் ஏறிட்டார்."

"அப்போ நல்ல ஊருங்கறியா?"

"தெரியாது. அப்படி ஒரு ஆள் இருந்திருக்காங்க. அது மட்டும் நிச்சயம்."

சுருட்டை சிரிக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், சாமான் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் இறுக்கணுமாம்மா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை லாரி வந்தது. நோண்டி வழியனுப்ப வந்திருந்தாள். இனி பள்ளியில் பக்கத்து இடம் காலிதான். லாரியில் கட்டிய கயிற்று முடிச்சை நோண்டிக்கொண்டு நின்றாள்.

லாரி நகர்ந்தது. அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கத்தினாள் சுருட்டை:

"ஷூவைக் காயவச்ச ஆளை நான் தேடிக் கண்டுபிடிக்கிறேன்டி! பாடம் எழுதினவர் சொல்லாம விட்ட நன்றியை யாராவது போய்ச் சொல்லணும்ல?"