துக்க வீட்டுப் பேட்டி

செவ்வாயிலுள்ள புதுக்காயல் குடியிருப்பில், பாடத்தில் சந்தேகம் வந்தால் ஜெசிந்தா கேள்வியை அனுப்பிவிட்டு இட்லி ஊற்றி வைப்பாள். கேள்வி பூமிக்குப் போய்ப் பதில் திரும்புவதற்குள் இட்லி வெந்துவிடும். கிரகங்கள் விலகி நிற்கும் மாதங்களில் சட்னியும் அரைத்துவிடலாம்.

அவள் தொலைகல்வியில் சுயேச்சை நிருபர் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். செய்திகளை இயந்திரங்களே சேகரித்து இயந்திரங்களே எழுதும் காலத்தில் மனித நிருபருக்கு என்ன வேலை என்று அவள் யோசிக்கவில்லை. நிருபர் உரிமம் உள்ள வீட்டுக்கு வெளிமுறை கிடையாது. அது போதும் அவளுக்கு.

கூரைக்கு வெளியே குழாய் பழுதுபார்க்க வீட்டுக்கு ஓர் ஆள் போயாக வேண்டும். அதுதான் வெளிமுறை. அவள் கணவன் கிளாடியஸ் போனான். புழுதிப் புயலில் அவன் வெளிச்சட்டை கிழிந்தது; அவன் உயிரோடு திரும்பவில்லை. அடுத்த முறை அவளுடையது. அவளுக்குப் பிறகு கிளாடியஸின் தங்கை பிளாவியா.

“இன்னும் எத்தன பாடம் கெடக்கு மைனி?” என்று பிளாவியா தினமும் கேட்பாள்.

“ஒண்ணே ஒண்ணு.”

“அதையும் முழுங்கிரு. இல்லன்னா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வெளிச்சட்டைதான். நீ கெழிச்சத நான் தச்சுப் போட்டுக்கிடணும்.”

இருவரும் சிரித்தார்கள். வேறெப்படி அதைப் பேசுவது?

கடைசிப் பாடத்தின் தலைப்பு ‘துக்க வீட்டுப் பேட்டி’. எழுத்துத் தேர்வு இல்லை. சாவு விழுந்த வீட்டுக்குப் போய், உறவினரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க வேண்டும். தேர்வுக்கென்று ஒரு பதிவித் தும்பியும் வந்திருந்தது. நகத்தளவு இயந்திரம். அவளைச் சுற்றிப் பறந்தபடி காண்பதையும் கேட்பதையும் நேரே பூமிக்கு அனுப்பும். தேர்வு முடியும்வரை அதை அணைக்க முடியாது.

அந்த வாரமே பக்கத்துத் தெரு அமலோற்பவத்தின் மகன் வெளிமுறையில் இறந்தான். செய்தி கேட்டதும் ஜெசிந்தாவின் மனதில் முதலில் எழுந்தது, ‘வந்துவிட்டது’ என்ற ஆறுதல். அதற்கு அடுத்ததாகத்தான் அந்தப் பையனின் முகம் வந்தது.

புதுக்காயலில் காற்று ஆளுக்கு அளந்து வரும். ஒருவர் இறந்தால் அவருடைய அன்றைய பங்கைப் பொதுத் தொட்டிக்குத் திருப்ப மாட்டார்கள். அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து, அதைத் தாங்கள் மூச்சிழுத்துத் தீர்ப்பார்கள். மூச்சுத் தீர்ப்பு என்று அதற்குப் பெயர். அப்போது வந்தவர்கள் யாரும் பேசுவதில்லை; பேசினால் மூச்சு வீணாகும் என்பார்கள்.

அமலோற்பவத்தின் வாசலில் குடியிருப்பின் செய்திப்பொறி நின்றிருந்தது. விபத்தின் விவரமெல்லாம் சேகரித்து முடித்துவிட்டு, உள்ளே போகாமல் தெருவைப் பார்த்து நின்றது. இயந்திரத்துக்கு இதற்கெல்லாம் துணிவு போதாது என்று எண்ணியபடி ஜெசிந்தா அதைத் தாண்டி நுழைந்தாள்.

அமலோற்பவம் அவளைக் கண்டதும் பாயில் இடம் ஒதுக்கி, கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“வந்துட்டியா தாயி. ஒனக்குத்தான் தெரியும்.”

சுற்றிலும் மூச்சு மட்டும் கேட்டது. தும்பி இருவர் முகத்துக்கும் நடுவே வந்து நின்றது. ஜெசிந்தா கையை விடுவித்துக்கொள்ளாமலே கேட்டாள்:

“இப்ப ஒங்களுக்கு எப்படி இருக்கு அக்கா?”

மூச்சுகள் நின்றன. அமலோற்பவம் தும்பியைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

“கிளாடியசு போன அன்னைக்கு நான் ஒன்ட்ட என்ன கேட்டேன்?”

ஜெசிந்தா தலை குனிந்தாள்.

“காப்பி குடிக்கியான்னு கேட்டேன். வேற என்னத்தக் கேக்க?”

மடியிலிருந்த ஜெசிந்தாவின் கையை அமலோற்பவமே எடுத்து, மெதுவாகப் பாயில் வைத்தாள்.

ஜெசிந்தா வெளியே வந்து சுவரில் முகம் புதைத்து அழுதாள். செய்திப்பொறி இன்னும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“நீ ஏன் உள்ள போகல?” என்றாள் அதனிடம்.

“எங்களால் முடியாது. எங்களைப் பயிற்றுவிக்கப் பூமியின் பழைய செய்திப் படங்களைக் காட்டினார்கள். அழுகிறவரின் வாயருகே ஒலிவாங்கியை நீட்டும் காட்சி வந்தபோதெல்லாம் நாங்கள் நின்றுபோனோம். பழுது என்று நினைத்துப் பலமுறை திருத்தினார்கள். வெட்கம் என்று கண்டுபிடிக்க நாளாயிற்று. அந்த ஒரு வேலைக்காகத்தான் மனிதர்களுக்கு மீண்டும் நிருபர் படிப்பு தொடங்கினார்கள்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் கல்வி நிலையத்துக்கு எழுதினாள்: ‘நான் கேட்டிருக்கக் கூடாது. பதிவை அழித்துவிடுங்கள். என்னைத் தோல்வி என்றே போடுங்கள்.’ அனுப்பிவிட்டு, வெளிச்சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று இட்லி ஊற்றவில்லை.

பதில் வந்தது. இயந்திரம்தான் தாள் திருத்துகிறது என்று இவ்வளவு காலம் எண்ணியிருந்தாள். இந்தக் கடிதத்தின் அடியில் ஒரு மனிதரின் பெயர் இருந்தது.

‘வாழ்த்துகள். முதல் வகுப்பில் தேர்ச்சி. உரிமம் இணைத்துள்ளோம். அந்தத் தாயின் பதில் சுமார்தான். ஆனால் நீங்கள் சுவரில் சாய்ந்து அழுதது அருமை. நிருபரே வெட்கப்படுவதை இங்கே யாரும் இதுவரை பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒளிபரப்பினோம். மறுபடி மறுபடி கேட்கிறார்கள். இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது? இரண்டு வரி எழுதி அனுப்பவும்.’

வெளிச்சட்டை மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு பிளாவியா ஓடி வந்தாள்.

“மைனி! பூமி பூரா ஒன்னயத்தான் பாக்காவ! நானும் நாலு தரம் பாத்துட்டேன். அந்த அழுகை இருக்கே, எனக்கே தாங்கல!”

ஜெசிந்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு முந்தானையைச் சற்று விலக்கினாள்.

“எங்க, காட்டு,” என்றாள்.